ஸ்டாண்டில் நின்ற வண்டி: வில்லிவாக்கத்திலிருந்து அரக்கோணம் போன ஒரு குடும்பம்

பின்னணி

இது என் நண்பர் ஒருவரின் வீட்டு விஷயம். வீடு தேடி அலைந்ததில் பாதி நாள் நானும் கூடப் போனேன், அதனால் இதில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் நான்கு பேர். நண்பருக்கு வயது 46, சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் வேலையும் மாலையில் டியூஷனும் பார்ப்பவர். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. நண்பருடைய அம்மாவுக்கு 72 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை நோய். வில்லிவாக்கத்தில் 19,000 ரூபாய் வாடகையில் இருந்தார்கள்.

2023 ஜனவரியில் வீட்டுக்காரர் வந்து, "இடிச்சுட்டு ஃப்ளாட் கட்டப்போறோம் சார், மே மாசத்துக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு 24,000 கேட்டார்கள். சென்னைக்கு வெளியே ஒரு சின்ன ஊருக்குப் போய்விடலாம் என்ற பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. ஆனால் விதை அதற்கு முன்பே விழுந்திருந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தபோது, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியது இவர்கள் ஊரான வில்லிவாக்கத்தில்தான். 50 வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அன்றைக்கு அம்மா, "தண்ணி வர்ற திசையிலேயே நாமளும் போயிடலாம்டா" என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அந்தத் திசையில்தான் கடைசியில் போனார்கள்.

தேடல்: 2023 ஜனவரி முதல் ஏப்ரல் வரை

மூன்று ஊர்கள் பட்டியலில் இருந்தன: திருவள்ளூர், செங்கல்பட்டு, அரக்கோணம். காஞ்சிபுரத்தை முதல் வாரமே எடுத்துவிட்டோம். அது செங்கல்பட்டுக்கும் அரக்கோணத்துக்கும் இடையே ஓடும் கிளைப் பாதையில் இருக்கிறது. சென்னைக்கு நேராகப் போகும் ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் பேருந்துதான்.

செங்கல்பட்டு நல்ல ஊர். 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, மருத்துவமனையோடு இருக்கிறது. நிலையத்தை ஒட்டியே கொளவாய் ஏரி. 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. ஆனால் சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் பூங்கா நிலையம் வரை லோக்கலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். தாம்பரம் தாண்டியதும் கூட்டம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொழிற்பேட்டைகள் நெருங்கிவிட்டதால் வாடகையும் நாங்கள் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை.

திருவள்ளூரா அரக்கோணமா என்பதில்தான் ஒரு ஆச்சரியம். திருவள்ளூர் சென்ட்ரலிலிருந்து 42 கிலோமீட்டர். அரக்கோணம் 69 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் கேள்வியே இல்லை. நேரத்தைப் பார்த்தால் கதை வேறு. திருவள்ளூரிலிருந்து லோக்கலில் வர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அரக்கோணம் பெரிய சந்திப்பு, ஜோலார்பேட்டைப் பக்கமிருந்தும் ரேணிகுண்டாப் பக்கமிருந்தும் வரும் விரைவு ரயில்கள் அங்கே நிற்கின்றன. ஏலகிரி போன்ற வண்டிகளில் முன்பதிவில்லாத பெட்டியில் சீசன் டிக்கெட்டோடு ஏறினால் அதே ஒன்றேகால் மணிக்குள் சென்ட்ரல். லோக்கலில் வந்தால் மட்டும்தான் இரண்டு மணி நேரத்தைத் தொடும். இதைக் கண்டுபிடித்த அன்று நண்பர் பெரிய ரகசியம் கிடைத்ததுபோல் போன் செய்தார். இரண்டு வாரம் தினமும் வேலை முடிந்து அரக்கோணம் போய், அம்மாவின் தங்கை இருக்கும் திருத்தணியில் தங்கி, காலையில் கிளம்பிச் சோதித்தும் பார்த்தார். தாமதம், கூட்டம், உட்கார இடம் கிடைக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தார்.

அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இந்த ஆய்வுக்காக வாங்கிப் பார்த்தேன். ரயில் நேரம், இரவு கடைசி வண்டி, நிலையத்தில் வண்டி ஸ்டாண்ட், வாடகை, சீசன் டிக்கெட் என்று ஐந்து தலைப்பு. ஐந்தில் நான்கு, தினமும் ஊரை விட்டுக் கிளம்புகிறவருக்கு வேண்டிய தகவல். நால்வரில் மூன்று பேர் பகல் முழுக்க அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு வரிகூட இல்லை. நானும் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

முதல் முடிவு: ஊருக்கு வெளியே தனி வீடு

2023 ஜூன் முதல் வாரம் குடிபோனார்கள். நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளி ஒரு புது மனைப்பிரிவில் தனி வீடு. வாடகை 8,500. இரண்டு படுக்கையறை, மாடி, சொந்த போர்வெல், வாசலில் வேப்பமரம். வில்லிவாக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். அங்கிருந்து வந்தவர்களுக்கு இது பங்களா. அம்மாவுக்குக்கூட முதல் மாதம் பிடித்திருந்தது. ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்களை மாடியில் நின்று பேத்தியோடு பார்ப்பாராம்.

ஏன் இந்த வீடு? ஊருக்குள் நிலையம் பக்கம் பார்த்த வீடுகள் பழசு, நெருக்கம், வாடகையும் 11,000-க்கு மேல். 'சின்ன ஊருக்கு வருவதே விசாலத்துக்காகத்தானே, அங்கே வந்தும் சந்துக்குள் இருப்பானேன்' என்பது நண்பரின் வாதம். அப்போது எனக்கும் சரியாகவே பட்டது. மனைவி மட்டும், "கடை எங்க இருக்கு?" என்று ஒருமுறை கேட்டார். வண்டி வாங்கப்போகிறோமே என்று பதில் வந்தது.

வண்டி வாங்கினார்கள். தவணையில் ஒரு ஸ்கூட்டர்.

கவனித்தவை: ஜூன் முதல் நவம்பர் வரை

நண்பர் காலை ஆறே முக்காலுக்கு ஸ்கூட்டரில் கிளம்பி நிலைய ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில் ஏறுவார். இரவு எட்டு மணிக்கு அதே வண்டியில் திரும்புவார். அவரைப் பொறுத்தவரை திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. ரயிலில் உட்கார இடம், சீட்டாடும் நண்பர்கள், ஜன்னல் காற்று. ஆறு மாதம் கழித்து நான் கேட்டபோது, "வாழ்க்கையில எடுத்த நல்ல முடிவு" என்றார்.

மனைவியிடம் கேட்டபோது வேறு ஊரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. அவருக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும். ஆனால் வீட்டின் ஒரே வண்டி காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை ஸ்டாண்டில் சும்மா நிற்கிறது. மனைப்பிரிவில் 60 மனை, குடியிருப்பது ஒன்பது வீடு. பால், தயிர் கிடைக்கும், கறிவேப்பிலைக்குக்கூட ஒன்றரை கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ பிரதான சாலையில்தான், அதுவும் இருட்டினால் கிடையாது. தையல் வேலை விழுந்துவிட்டது. ஒன்பது வீட்டில் எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும்? டியூஷனுக்கு இரண்டு பிள்ளைகள். வில்லிவாக்கத்தில் மாதம் ஏழெட்டாயிரம் சம்பாதித்தவர் இங்கே 1,500-ஐத் தாண்டவில்லை.

அம்மா அதற்குமுன் தினமும் காலையில் கோயில், சாயங்காலம் நான்கு தோழிகள் என்று இருந்தவர். இங்கே வாசலோடு சரி. தெரு விளக்கு பாதிதான் எரிந்தது, நாய்த் தொல்லை வேறு. அக்டோபரில் எடுத்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை முன்பைவிட ஏறியிருந்தது. நடை நின்றுபோனதுதான் காரணம் என்று மருத்துவர் சொன்னார்.

மகளை ஊருக்குள் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தார்கள். பள்ளி நல்ல பள்ளி. வேன் மட்டும் மாலையில் எல்லாரையும் இறக்கிவிட்டுக் கடைசியாக இவளைக் கொண்டுவந்து விடும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். சென்னையில் பிற்பகலில் கடல்காற்று கொஞ்சமாவது காப்பாற்றும். அரக்கோணம், திருத்தணிப் பக்கம் அந்தச் சலுகை இல்லை. தமிழ்நாட்டின் அன்றைய வெப்பப் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி மேலே வருவது சும்மா இல்லை. சுற்றிலும் மரமோ கட்டடமோ இல்லாத வீட்டில் மாடி அறையைப் பகலில் யாரும் உபயோகிக்கவில்லை. எந்த விசாலத்துக்காக வந்தார்களோ அது பூட்டிக் கிடந்தது.

போர்வெல் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர்.

மனை, முன்பணம், புயல்

2023 அக்டோபரில் அதே மனைப்பிரிவில் 1,200 சதுர அடி மனை ஒன்றை வாங்கிவிடலாம் என்று நண்பர் 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். எங்களிடம் சொன்னது கொடுத்த பிறகு. விலை குறைவாக இருந்தது, அந்த ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 ஆகக் குறைந்திருந்ததும் அவசரத்துக்கு ஒரு காரணம். முத்திரைத் தீர்வை 7-ஐயும் சேர்த்தால் 11 சதவீதமாக இருந்தது 9 ஆகிவிட்டது என்று கணக்குப் பிரிவுக்காரர் சந்தோஷப்பட்டார். அதே சமயத்தில், கட்டணத்தைக் கணக்கிட அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு ஏறியிருந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் கணக்குதான் அவருடைய தொழில்.

காகிதங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி இல்லை, பஞ்சாயத்து அப்ரூவல் மட்டும். தரகர், "வரன்முறை பண்ணிக் குடுத்துடுவோம் சார், எல்லாரும் அப்படித்தான் வாங்குறாங்க" என்றார். அனுமதியில்லாத மனைப்பிரிவுகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டத்துக்கு ஒரு எல்லைத் தேதி உண்டு: 2016 அக்டோபர் 20. அதற்கு முன்பே உருவாகி, ஒரு மனையாவது விற்றுப் பதிவாகியிருக்கும் மனைப்பிரிவுக்குத்தான் அந்த வழி. பதிவுத் துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம், அதாவது அந்த நிலத்தில் நடந்த பதிவுகளின் விவரம், போட்டுப் பார்த்தேன். முதல் மனை விற்பனையே 2018-இல். அடுத்து, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசுப் புல வரைபடம். மனைப்பிரிவின் வடக்கு ஓரத்தில் ஒரு வாய்க்கால் கோடு தெளிவாக இருந்தது. தரையில் அந்த இடத்தில் செம்மண் சாலை. மேலே இருக்கும் ஏரியின் கலங்கலிலிருந்து வரும் உபரித் தண்ணீர் போன வழி அதுதான் என்று பக்கத்து நிலத்துக்காரப் பெரியவர் ஒருவர் சொன்னார்.

இதெல்லாம் நவம்பரில் தெரிந்துவிட்டது. நண்பருக்கு மனசு வரவில்லை. "பத்து வருஷமா தண்ணி வரலைன்னு சொல்றாங்களே" என்றார்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். சென்னையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அரக்கோணத்தில் இவர்கள் பக்கம் பெரிய சேதம் இல்லை, ஆனால் அந்தச் செம்மண் சாலை மறுபடி வாய்க்கால் ஆனது. மனைப்பிரிவின் வடக்கு வரிசையில், முன்பணம் கொடுத்த மனையையும் சேர்த்து, கணுக்கால் தண்ணீர் நான்கு நாள் நின்றது. சென்னைப் பக்கம் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி இடையே பாலத்தில் தண்ணீர் உயர்ந்து சென்ட்ரல் ரயில்கள் ரத்து. வேலைக்குப் போக வழியில்லாமல் நண்பர் வீட்டில் உட்கார்ந்தார். அரக்கோணம் வந்ததிலிருந்து வேலை நாளில் பகல் முழுக்க வீட்டில் இருந்தது அதுதான் முதல்முறை என்று அவர் மனைவி சொல்கிறார். மனையைக் கைவிட முடிவு செய்தது அந்த வாரம். முன்பணத்தில் 20,000 திரும்பி வந்தது. மீதி வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

திருப்பம்: 2024 பிப்ரவரி

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை. அம்மா மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை. வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியது. வீட்டில் இருந்த கருவியில் பார்த்தால் சர்க்கரை 50-க்கும் கீழே. மருமகள் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார், அது காப்பாற்றியது. மருத்துவரிடம் கூட்டிப்போகத் தெரிந்த இரண்டு ஆட்டோக்காரர்களுக்குப் போன் செய்தார். ஒருவர் சவாரியில், இன்னொருவர் எடுக்கவில்லை. கடைசியில் பால்காரர் பைக்கில் நடுவில் அம்மா, பின்னால் மருமகள். கிளினிக்குக்குப் போய்ச் சேர 40 நிமிடம் ஆனது. அம்மா தேறிவிட்டார். 108-க்கு அடித்திருக்க வேண்டும் என்று பிறகு எல்லாரும் சொன்னோம். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

கிளினிக் ரயில் நிலையத்துக்கு எதிர்த் தெரு. அங்கிருந்து பார்த்தால் ஸ்டாண்ட் தெரிகிறது. "அத்தைய உட்கார வெச்சிட்டு வெளிய வந்தேன்ணா. எங்க வண்டி அங்க நின்னுட்டிருந்துது" என்று என்னிடம் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் முடிவும் காரணங்களும்

மூன்று வழிகள் பேசப்பட்டன. சென்னைக்கே திரும்புவது, இன்னொரு வண்டி வாங்குவது, ஊருக்குள் மாறுவது. சென்னைக்குத் திரும்ப 24,000 வாடகை இடிக்கிறது. மகள் அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, பள்ளியை மாற்ற முடியாது. இரண்டாவது வண்டி வந்தால் கடைப் பிரச்சினை தீரும், அம்மாவின் தனிமை தீராது. ஆக ஊருக்குள். இந்த முறை வீட்டைப் பார்க்கப் போனவர்கள் மாமியாரும் மருமகளும். போனது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. இரவு எட்டரைக்கு இன்னொருமுறை. நண்பர் வீட்டைப் பார்த்ததே அட்வான்ஸ் கொடுத்த அன்றுதான்.

2024 மே மாதம் மாறினார்கள். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, பழைய ஓட்டு வீட்டை ஒட்டிக் கட்டிய மாடிப் போர்ஷன், நகராட்சிக் குழாய்த் தண்ணீர், வாடகை 11,500. ரயில் சத்தம் உண்டு. வேப்பமரம் இல்லை.

விளைவு

பணக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், இது எனக்கே அதிர்ச்சி. மனைப்பிரிவு வீட்டில் வாடகையில் மாதம் 10,500 மிச்சம். அதிலிருந்து ஸ்கூட்டர் தவணை 3,200, பெட்ரோலும் ஸ்டாண்டும் 1,700, பள்ளி வேன் 1,400, ஆட்டோ 1,100, கேன் தண்ணீர் 600. ஆக 8,000 போய், மிஞ்சியது 2,500. ஊருக்குள் வந்தபின் வாடகையில் மிச்சம் 7,500-தான். தவணை அப்படியே, பெட்ரோல் 500, மற்றவை இல்லை. மிஞ்சுவது 3,800. வாடகை 3,000 கூடிய வீட்டில் 1,300 அதிகம் மிஞ்சுகிறது. இதில் மனைவியின் தையல் வருமானம் சேரவில்லை. அது 2025 பொங்கல் சமயத்தில் பழையபடி ஏழாயிரத்தை எட்டிவிட்டது.

அம்மா காலையில் கோயிலுக்கு நடக்கிறார். மூன்று மாதச் சராசரி இறங்கியிருக்கிறது, முழுக்கச் சரியாகவில்லை. மகள் 2025 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி அதே பள்ளியில் பதினொன்றில் சேர்ந்திருக்கிறாள். பதினொன்றாம் வகுப்புக்கு அரசு தரும் மிதிவண்டியை எதிர்பார்த்திருக்கிறாள், பள்ளி என்னவோ நடக்கிற தூரம்தான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. நண்பர் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணத்தில் இருக்கிறார். ஏலகிரியைத் தவறவிட்ட நாளில் லோக்கலில் வந்து சேர ஒன்பதாகிறது. ஒரே தடத்தை நம்பிய ஊர் என்ற உண்மையும் அவ்வப்போது தலைகாட்டும். 2025 ஜூலை 13 அதிகாலை திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தீப்பிடித்தபோது, அரக்கோணத்துக்கும் சென்ட்ரலுக்கும் இடையே ரயில் போக்குவரத்து முடங்கியது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அதனால் பிழைத்தார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கத்தையும் புல வரைபடத்தையும் பார்த்திருக்க வேண்டும். செலவில்லாத வேலை, ஒரு சாயங்காலம் போதும். 30,000 ரூபாய் தப்பியிருக்கும். மழைக்காலம் ஒன்று முடியும்வரை வாடகையில் இருந்துவிட்டு அப்புறம் மனை பற்றி யோசித்திருந்தால் இன்னும் நல்லது. முதலில் வாடகைக்கு வந்தது மட்டும் சரியான முடிவு. வந்த கையோடு வாங்கியிருந்தால் இன்று வாய்க்காலில் வீடு.

ரயில் ஒத்திகை இரண்டு வாரம் நடந்ததே, அதேபோல் ஊர் ஒத்திகை ஒன்று நடந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மனைவியும் அம்மாவும் திருத்தணிச் சித்தி வீட்டில் ஒரு வாரம் தங்கி, தினமும் அரக்கோணம் வந்து பகலை அங்கே கழித்திருந்தால், கறிவேப்பிலைப் பிரச்சினை இரண்டாம் நாளே தெரிந்திருக்கும். நண்பர் இதை முழுக்க ஒப்புக்கொள்வதில்லை. ஊர் சரியானதுதான், வீடுதான் தப்பு என்கிறார். அதுவும் உண்மைதான். ஊரைப் பற்றி இரண்டு வாரம் விசாரித்தவர், ஊருக்குள் எந்த மூலை என்பதை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டார்.

மகள் 2027-இல் கல்லூரிக்குப் போவாள், அநேகமாகச் சென்னைக்கு. அப்போது இங்கேயே இருப்பதா, ஆவடிப் பக்கம் இறங்கி வருவதா என்று இப்போதே பேச்சு ஓடுகிறது. நண்பர் மறுபடி ஒரு நோட்டு வாங்கியிருக்கிறார். இந்த முறை முதல் பக்கத்தை எழுதியது அவர் மனைவி.